மூன்று முறை முடிந்த கோப்பு

எங்கள் அலுவலகத்தில் நாட்டின் எதிர்காலத்தை ஐந்தைந்து வருடத் துண்டுகளாக வெட்டிப் புத்தகம் போடுவோம். தட்டச்சராக நுழைந்த நான் இப்போது பிரிவு அதிகாரி. ஒரு விஷயம் புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அதன் கோப்பின் மேல் சிவப்பு மையில் ‘முடிந்தது’ என்று எழுதி, கட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். வெளியே அது நடந்ததா என்று போய்ப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை. அது யாருடைய வேலை என்று இருபத்திரண்டு வருடமாக நானும் கேட்டதில்லை.

அந்த ஆற்றைப் பற்றி நான் தட்டச்சு செய்த முதல் வரி தொழில் அத்தியாயத்தில் இருந்தது. ‘ஆறு அருகிலேயே ஓடுவதால் சாய ஆலைகளின் கழிவை அகற்றத் தனி ஏற்பாடு தேவையில்லை.’ எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. அதே வருடம்தான் என் தங்கை கைக்குழந்தையோடு அந்த ஆற்றங்கரையில் குடியேறினாள். கொல்லையில் கிணறு இருந்தது.

“தண்ணி கல்கண்டு மாதிரி இருக்குக்கா” என்றாள்.

ஐந்தே வருடத்தில் கிணறு நிறம் மாறியது. அவள் கணவர் லாரி மெக்கானிக். வேறு ஊர்ப் பட்டறையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது. பாதி சாமானைக் கட்டி வைத்துவிட்டு எனக்கு போன் செய்தாள்.

“கிளம்பிடட்டுமாக்கா? எல்லாம் தெரிஞ்சவ நீதான், சொல்லு.”

அன்றைக்குத்தான் இரண்டாவது புத்தகம் அச்சாகி வந்திருந்தது. ஆற்றுக்கென்று ஒரு பத்தியே இருந்தது. கழிவுநீர் உரிய முறையில் கவனிக்கப்படும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“புத்தகத்துலயே வந்தாச்சுடி. கோப்பையும் மூடியாச்சு. கொஞ்சம் பொறு.”

போனில் பின்னாலிருந்து அவள் கணவர், “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?” என்று சிரித்தது எனக்குக் கேட்டது. இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். அவர் மூட்டையைப் பிரித்துவிட்டார்.

மூன்றாவது புத்தகத்தில் சுற்றுச்சூழலுக்குத் தனி அத்தியாயமே வந்தது. பதினேழாவது, விளையாட்டுத் துறைக்கும் பின்னால். சுத்திகரிப்பு நிலையம் பற்றிப் பரிசீலிக்கப்படும் என்றுதான் முதலில் இருந்தது. மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, ஐந்து வருடத்துக்குள் கட்டப்படும் என்று மாற்ற வைத்தேன். கல்லில் நார் உரித்த பெருமை எனக்கு. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் அதைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தாள்.

நான்காவது புத்தகத்தில் சுற்றுச்சூழல்தான் முதல் அத்தியாயம். வழுவழுப்பான தாள், தவளை படமெல்லாம் போட்டிருந்தோம். அப்போது அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. கிளம்பிவிடட்டுமா என்று மறுபடியும் கேட்டாள்.

“முதல் அத்தியாயமே நம்மளோடதுதான்டி” என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

போன செவ்வாய்க்கிழமை இயக்குநர் ஆற்றைப் பற்றிய பழைய பக்கத்தை என் மேஜையில் வைத்தார்.

“ஐந்தாவது புத்தகத்துக்கு இதுவே போதும் மேடம். வருஷத்தை மட்டும் மாத்திடுங்க.”

“அந்த நிலையத்தைக் கட்டவே இல்லையே சார்.”

“அதனாலதானே மேடம் மறுபடியும் போடறோம்?”

கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். நானும் அப்படி நினைத்தவள்தானே. வருடத்தை மாற்றிவிட்டு ஆற்றின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மேலட்டையில் ‘முடிந்தது’ என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றும் என் கையெழுத்து.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரம்தான் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

அவள் அன்று சந்தோஷமாக இருந்தாள். வெளியூரில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது.

“பாப்பாவோட நம்ம வீட்டுக்கே வந்து என்கூட இருக்கேங்கிறாக்கா. புதுப் புத்தகம் வருதாமே, அதுல நம்ம ஆறு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப வரச் சொல்லிடட்டுமா?”

தலையாட்டினால் போதும். வேண்டாம் என்றால், பதினைந்து வருடமாக நான் சொன்னதெல்லாம் என்ன ஆவது? அவள் கையில் ஏறியிருந்த குழாயைப் பார்த்தேன்.

“வேண்டாம்டி. பாப்பா அங்க வரவே கூடாது. வருஷத்தை மட்டும்தான் மாத்தியிருக்கு. மாத்தினதே நான்தான். அங்க ஒண்ணும் கட்டமாட்டாங்க.”

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இதை எனக்கும் சொல்லியிருக்கலாமேக்கா” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

“வர வேண்டாம்மா. இல்ல, நான் அழல. பெரியம்மா வேண்டாங்கிறாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும். பாப்பா போட்டோ அனுப்பு, போதும்.”