டிக்கியில் வைத்த பேட்டரி

என் தம்பி ஜீவாவுக்கு மூளை ஜாஸ்தி என்று தியாகதுருகமே சொல்லும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. திருவிழா, காதுகுத்து, சாவு என்று எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவனுடைய மைக்செட்தான் பாடும். செத்துப்போன ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தால் பிரித்துப்போட்டு, பீடி பிடித்து, திட்டி, மறுபடி பாட வைத்துவிடுவான். அவ்வளவு மூளை உள்ளவன், எந்த வீட்டுக் கொல்லையில் நானும் அம்மாவும் கூலிக்குக் கரும்பு வெட்டினோமோ அந்த வீட்டுப் பெண்ணிடம் போய் மனசைக் கொடுத்தான். இதற்குப் பெயர் மூளையா?

எழில்மதி கள்ளக்குறிச்சிக்குக் காலேஜ் போன பஸ்ஸில் ஆரம்பித்த கதை. படிப்பு முடிந்தது, மாப்பிள்ளை பார்த்தார்கள், கச்சிராயபாளையத்தில் நிச்சயம் செய்தார்கள். வீட்டில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. "சொன்னா உன்ன உயிரோட வுட மாட்டாங்க ஜீவா, என்ன மறந்துடு" என்று போனில் அழுதிருக்கிறாள். அவனும் சோறு தண்ணி இல்லாமல் குப்புறப் படுத்துக் கிடந்தான். தொலையட்டும், காலம் போனால் ஆறிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் எழில்மதியின் அண்ணன் சரத்குமார் கூப்பிட்டான். அவனுக்குத் தங்கச்சியின் காதல் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய பழைய காரும், அதில் போடும் பாட்டும்தான். பெண்ணழைப்புக்கு அந்தக் கார்தான் போகப்போகிறது. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். அதற்குக் காரில் இருக்கும் பேட்டரி பத்தாது; பெரிய பேட்டரி போட பானெட்டுக்குள் இடம் இல்லை.

"பேட்டரியத் தூக்கி டிக்கில வெச்சிடு ஜீவா. உன்னால முடியாதது இன்னா கீது?" என்றான்.

போகாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். போனான். அவளை ஒரு தடவை பார்க்கலாமே என்ற ஆசை. வேறென்ன?

பந்தக்கால் நட்டு, நலங்கும் வைத்துவிட்டிருந்தார்கள். நலங்கு வைத்த பெண் பந்தலைத் தாண்டக்கூடாது. இனி அவள் தெருவைப் பார்ப்பது பெண்ணழைப்புக் காரில் ஏறும்போதுதான். போனைக்கூட அவளுடைய சித்தி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஜீவா பந்தலுக்குக் கீழேயே காரை நிறுத்தி வேலை செய்தான். டிக்கியில் இரும்புப் பட்டை அடித்துப் பேட்டரியை உட்கார வைத்தான். கட்டைவிரல் தடிமன் கேபிளை ஓட்டையில் உரசாமல் ரப்பர் கொடுத்து, கால்மிதிக்கு அடியில் முன்பக்கம் வரை இழுத்தான். சாயங்காலம் பாட்டைப் போட்டதும் வீட்டில் இருந்த பெண்கள் எல்லாம் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். எழில்மதியும் மஞ்சள் பூசிய முகத்தோடு வந்து, பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்க்கிற சாக்கில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பாட்டுச் சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

"என்னால முடியல. எப்டியாவது கூட்டிக்கினு பூடு."

தம்பிக்கு மூளை வேலை செய்தது. கேபிளை வெட்டி, பின்சீட்டுக்கு அடியில் ஒரு கட்டாஃப் சுவிட்ச் வைத்தான். சிவப்புச் சாவி போட்டுத் திருகுகிற சுவிட்ச். திருகினால் கரண்ட் போய்விடும், சாவி கையோடு வந்துவிடும். பேட்டரி பின்னால் இருக்கிறதே, எங்காவது ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் இருக்க என்று சரத்குமாரிடம் சொன்னான். அது பொய்யும் இல்லை. பாட்டு ஓடும்போதே திருகிக் காட்டினான். பாட்டு நின்றது, விளக்கு அணைந்தது, செல்ஃப் எடுக்கவில்லை. "சூப்பர்டா" என்று சரத்குமார் தட்டிக்கொடுத்தான்.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினான். பெண்ணழைப்பு அன்றைக்குக் கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பாலம் வரும். பக்கத்தில் பெரிய புளியமரம். பாலத்தைப் பார்த்ததும் எழில்மதி சாவியைத் திருகி எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பாட்டுச் சத்தத்திலேயே அவளிடமும் சொல்லிவிட்டானாம். கார் நின்றுவிடும். பெண்ணழைப்புக் கார் நடுவழியில் நின்றால் அபசகுனம். எல்லாரும் இறங்கி எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுச் சூடம் கொளுத்தாமல் கிளம்ப மாட்டார்கள்.

"ஆம்பளைங்க எல்லாரும் பானெட்டத் தூக்கிக்கினு முன்னாடி நிப்பாங்கக்கா. அங்க ஒண்ணுமே இருக்காது. அவ மரத்துக்குப் பின்னாடி வந்து என் வண்டில ஏறிடுவா. மலையேறி வெள்ளிமலை, கருமந்துறை வழியா சேலம் பூடுவோம்."

"மாட்டினா உன்ன வெட்டிப் போட்ருவாங்கடா, சனியனே" என்று திட்டினேன். திட்டிவிட்டு, என்னிடம் இருந்த ஒரே நல்ல புடவையை எடுத்து அவன் பைக்குள் வைத்தேன். பட்டுப்புடவையோடு அவள் எப்படி மலையேறுவாள்?

பெண்ணழைப்பு அன்று அவன் மரத்துக்குப் பின்னால் காத்திருந்தான். பாட்டு முதலில் வந்தது, பிறகு கார் வந்தது. பாலத்தில் ஏறியது, இறங்கியது, போய்க்கொண்டே இருந்தது. பின்கண்ணாடியில் தலை நிறையப் பூ தெரிந்ததாம். அவ்வளவுதான். கார் திரும்பி வருமோ என்று இருட்டுகிற வரை அங்கேயே நின்றிருக்கிறான்.

"அவ திருகலக்கா" என்று வீட்டுக்கு வந்து சொன்னான்.  எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பணக்கார வீட்டுப் புத்தியைக் கடைசியில் காட்டிவிட்டாள் பார் என்று வாயில் வந்தபடி ஏசினேன். அவளை ஏச வேண்டாம் என்று அதற்கும் என்னிடம் சண்டைக்கு வந்தான்.

மறுநாள் காலையில் முகூர்த்தம் முடிந்த நேரத்துக்குச் சரத்குமாரிடமிருந்து போன். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குக் கிளம்பி நிற்கிறார்களாம், கார் ஸ்டார்ட் ஆகவில்லையாம். நேற்று வந்து நிறுத்தியதோடு சரி, யாரும் தொடவில்லையாம். ஜீவா போக மாட்டேன் என்றான். போகாவிட்டால் சந்தேகம் வருமே என்று நான்தான் கிளப்பினேன். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆம்பளைகள் அத்தனை பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண அலைச்சலில் சரத்குமாருக்கு அந்தச் சுவிட்ச் நினைவுக்கே வரவில்லை. ஜீவா பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் குனிந்தான். குனிந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன். சுவிட்ச் இருந்தது, சாவி இல்லை. சாவி போகிற துளை காலியாக இருந்தது.

"சாவி காணோம்" என்றான். அந்தக் குரல் என் தம்பியின் குரல் மாதிரியே இல்லை.

"புள்ளைங்க எதுனா கயட்டியிருக்கும். நேத்து வர்ற வழியில, அந்தப் பாலத்தாண்ட பாட்டு ஒரு தரம் விக்கிச்சி" என்றார் டிரைவர் அம்மாசி.

"அங்கியே ஆஃப் ஆயிருந்தா வண்டி எப்டிண்ணே இங்க வந்துச்சி?"

அம்மாசி சிரித்தார். "மைக்செட்டுக்காரன்னு காட்டிட்ட பாத்தியா! வண்டி ஸ்டார்ட் ஆவத்தாண்டா பேட்டரி. ஓட ஆரம்பிச்சிட்டா இன்ஜினே கரண்டு குடுத்துக்கும். அப்ப பேட்டரியக் கயட்டிக் கீய போட்டாலும் அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஜீவாவின் பிழைப்பில் பேட்டரிதான் எல்லாம். அதைக் கழற்றினால் சாமி பாட்டும் நிற்கும், சாவுப் பாட்டும் நிற்கும். காரை ஓடவிட்டு அந்தச் சாவியை ஒருதடவை, ஒரே ஒரு தடவை, திருகிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்குக் கார் ஓட்டவும் தெரியாது.

உள்ளே கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று நான் நகர்ந்தேன். வாசலிலேயே ஒரு அம்மாள் மறித்து, "பாத்திரம் கழுவ வந்தவளா? பின்னாடி போ" என்றாள். வேறு நாளாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அன்று ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பின்கட்டு வழியாகப் போனேன். எழில்மதி ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் ஈரம்கூடக் காயாமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உங்க தம்பி பயந்துட்டாரு இல்லக்கா? வெறும் சுவிட்ச வெச்சி என்ன ஏமாத்திட்டாரு. பாலத்துல திருகினேன். பாட்டு ஒரு செகண்டு விக்கிச்சி, அப்புறம் பாடிக்கினே போச்சி. மரத்தாண்ட யாருமே இல்ல. நான் எதுக்குக் கதவத் தொறக்கணும்?"

ஆமாம், பயந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவனை வெறுத்துவிட்டு இந்த வீட்டில் நிம்மதியாகக் குடும்பம் நடத்தியிருப்பாள். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் என் தம்பியைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தாம்மா. இருட்டற வரைக்கும் நின்னான். வண்டி ஓடும்போது திருகினா நிக்காதுன்னு அந்தப் பைத்தியத்துக்குத் தெரியல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்கு அழுகிற மாதிரி எனக்கும் அழுகை வந்தது. வா, இப்போதே ஓடிவிடலாம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. வாசலில் இரண்டு வீட்டு ஆம்பளைகளும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே என் தம்பி ஒற்றையாளாக நின்றிருந்தான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சிவப்புச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"குடுத்துடுங்க. நேரமாயிட்டா அவர எதுனா சொல்லப்போறாங்க."

அடுப்படியில் கிடந்தது என்று சொல்லி ஜீவாவிடம் கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். என் கண்ணில் இருந்ததை வைத்தே எல்லாம் புரிந்துகொண்டான். குனிந்து சாவியைத் திருகினான். அம்மாசி செல்ஃப் போட்டதும் கார் கிளம்பியது, பாட்டும் கிளம்பியது.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனுசன். ஜீவாவைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க, கல்யாணத்துல சாப்புட்டுட்டுத்தான் போவணும்" என்றார். எழில்மதி பின்சீட்டில், நேற்று உட்கார்ந்த அதே பக்கம் உட்கார்ந்தாள். கதவுக்குப் பக்கத்தில் என் தம்பி நின்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அண்ணா, வண்டி இனிமே வழியில நிக்காதில்ல?"

என் தம்பி கதவைச் சாத்தினான்.

"நிக்காதுங்க" என்றான்.