கோழிக்கறி தின்ற ஜின்

விழிஞ்ஞத்தில் மைமூன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அதனால் அவள் வீட்டு ஜின்னைப் பற்றி அவளைவிட எனக்கு அதிகம் தெரியும்.

பின்பக்கத்துச் சாமான் அறையில் சத்தம் கேட்கிறது என்று அவள் சொன்னதும், நாத்தனார் சுலைகா கன்னத்தில் கை வைத்தாள்.

"ஜின்னாக்கும். நல்ல ஜின். வியாழக்கிழமை மக்ரிப் தொழுகைக்கு முன்ன ஒரு தட்டு வை. சலாம் சொல்லிக் கேட்டா எல்லாம் நடத்தித் தரும்."

அன்று முதல் மைமூன் தட்டை உள்ளே வைத்துவிட்டுத் தொழப் போவாள். தொழுதபின் சாத்திய கதவருகே நின்று பேசுவாள். உள்ளிருந்து தகரத்தில் 'டொக்' என்று பதில் வரும். நெய்ச்சோறு, முட்டை, பாயசம் எது வைத்தாலும் தட்டு வழித்துக் காலியாகும். அதே நேரத்தில் அந்த அறையின் பின்சந்து வாசல் வழியாகச் சுலைகா உள்ளே போவதை நான் பார்த்திருக்கிறேன். தேங்காய் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வாரா வாரம் என்ன தேங்காய் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மைமூனுக்கு இருந்தது ஒரே கவலை. மகள் நஸ்ரினைச் சுலைகாவின் மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாகக் கணவர் ராஜபாய் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நஸ்ரினுக்கோ நாகர்கோவிலில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. போன வியாழன், பயணத்தை நினைத்து முதன்முறையாகக் கோழிக்கறி வைத்து, மைமூன் ஜின்னிடம் மட்டும் சொன்னாள்:

"திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்கு புள்ளைய கூட்டிட்டுப் போறேன். சர்டிபிகேட்டெல்லாம் இங்க அரிசி டிரம்முக்குள்ள இருக்கு. நீதான் காவல்."

'டொக்.'

ஞாயிறு காலை டிரம்மில் அரிசி மட்டும் இருந்தது. அன்று மதியமே சுலைகா வீட்டில் நிக்காஹ் தேதி குறிக்கப் பள்ளிவாசல் லெப்பை வருகிறார் என்றும் தெரிந்தது.

"உன்ன நம்பித்தானே சொன்னேன்!" என்று கதவில் சாய்ந்து மைமூன் அழுதது மதிலுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. பிறகு கதவைத் திறந்து, பயண அவசரத்தில் எடுக்க மறந்த வியாழக்கிழமைத் தட்டை எடுத்தாள். அழுகை நின்றுவிட்டது.

மதியம் அந்தத் தட்டோடு, நஸ்ரினையும் கூட்டிக்கொண்டு சுலைகா வீட்டுக்குள் போனாள். நானும் சும்மா போனேன். ராஜபாய் அங்கே லெப்பை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எந்தா மைமூன், கையில?" என்றாள் சுலைகா.

"ஜின் தின்ன மிச்சம், மைனி. கறிய தின்னுட்டு எலும்ப விட்டுட்டுப் போயிருக்கு."

லெப்பை நிமிர்ந்தார். "எலும்பையா? ஜின்னுக்கு ஆகாரமே அதுதானேம்மா?"

"அதான் உஸ்தாதே. ஒருவேளை கடவாப் பல்லு போன ஜின்னா இருக்கும்."

சுலைகாவுக்குக் கடைவாய்ப் பல் போனது தெரு முழுக்கத் தெரியும். முதலில் சிரித்தது நஸ்ரின்தான். சுலைகா வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அதுவே போதுமாக இருந்தது.

லெப்பை டைரியை மூடினார். "பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டியளா?"

"யாரும் கேக்கல. எனக்கு நாளைக்கு காலேஜ்" என்றாள் நஸ்ரின்.

சர்டிபிகேட் ஃபைல் சுலைகாவின் மெத்தைக்கடியிலிருந்து வந்தது. மைமூன் அதை வாங்கிக்கொண்ட பிறகும் நகரவில்லை. பின்சந்து வாசலின் பூட்டுச் சாவி ராஜபாயின் கொத்தில் மட்டும்தான் உண்டு. அவரைப் பார்த்தாள்.

"நீங்களா குடுத்தீங்க?"

"அக்கா கேட்டா..." என்றார் அவர், தரையைப் பார்த்து.

"நான் அழுததெல்லாம் அவங்க உள்ள இருந்து கேட்டது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டார். ஜின்னாவது ஒரு 'டொக்' சொல்லியிருக்கும்.

திங்களன்று தாயும் மகளும் முதல் பஸ்ஸில் போனார்கள். திரும்பி வந்த மைமூன் கணவரிடம் இன்றுவரை பேசவில்லை. ஆனால் இந்த வியாழனும் சாமான் அறைக் கதவைத் திறந்து சலாம் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை, மதில் வழியே எட்டிக் கேட்டேன்.

"இன்னுமாடி?"

"இந்த வீட்டுல என்னை ஏமாத்தாதது அது ஒண்ணுதானே, இத்தா."

தட்டைப் பார்த்தேன். எலும்பு மட்டும் வைத்திருந்தாள். கறியை அவளே தின்றுவிட்டாள்.