மலை தெரிந்த வரைபடமும் என் தண்ணீர்த் தொட்டியும்

1

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. துணி காயப்போடத்தான் போனேன். (காய்ந்த துணியைத்தான் மறுபடி காயப்போட்டேன். அடுத்த வீட்டில் குரல் உயர்ந்தால் வேறு என்ன செய்வது?)

"அந்திவானில் ஒரு விமானம் மெல்ல..." என்று தொடங்கினேன். வேண்டாம். அது பட்டப்பகல்.

2

அடுத்த வீட்டு மாப்பிள்ளை தம் மாடியில் ஆன்டெனா நட்டிருக்கிறார். விமானங்கள் தாம் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே பறக்குமாம். இவர் மடிக்கணினியில் அவை புள்ளிகளாக நகரும். மனைவி விமானி. அன்றுதான் முதன்முறை கேப்டனாகப் பறக்கிறாள். மாமியாரோ, புள்ளி மறைந்தால் விமானமே விழுந்துவிட்டதாக ஊரைக் கூட்டும் ரகம். அதனால் மாப்பிள்ளை, நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபட மென்பொருளில் ஆன்டெனாவின் உயரத்தைக் கொடுத்து, எந்த மலை எங்கே சிக்னலை மறைக்கும் என்று கணக்கிட்டு, திரையில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"இந்தக் கோடு வரைக்கும் தெரிவா அத்தை. அப்புறம் மலை மறைச்சிடும். பயப்படக் கூடாது, சரியா?"

(மாமியாரைக் கொஞ்சம் சாதுவாக எழுதிப் பார்த்தேன். கதை தூங்கிவிட்டது.)

3

புள்ளி கிளம்பியது. பாதி வழியிலேயே காணாமல் போனது.

"மாப்ளே! எங்க என் பொண்ணு?"

"மலைதான், அத்தை..."

"மலை கோட்டுக்கிட்டன்னுதானே சொன்னீங்க? நடுவுல எந்த மலை முளைச்சுது?"

மாப்பிள்ளை புள்ளி போன திசையில் நிமிர்ந்து பார்த்தார். அங்கே நான், கையில் துணியோடு. எனக்குப் பின்னால், போன வாரம் நான் பெருமையாக ஏற்றிய புதுத் தண்ணீர்த் தொட்டி, கறுப்பாக, யானைக்குட்டி மாதிரி. மென்பொருளுக்கு மலை தெரியும்; என் தொட்டி தெரியாது.

நான் அசடு வழிவதற்குள் புள்ளி தொட்டியின் மறைவைத் தாண்டித் திரையில் மறுபடி எட்டிப் பார்த்தது. நகர்ந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் மறைந்தது.

மாமியார் கைதட்டினார். "சொன்ன இடத்துலயே மறைஞ்சுட்டா பாருங்க!" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏங்க, நாளைக்கு அவ திரும்பி வர்றா. அதுக்குள்ள அந்தத் தொட்டிக்கு ஒரு வழி பண்ணுங்க."

4

முடிவு ஒன்று: தொட்டியை நகர்த்துகிறேன். (பிளம்பரைத் திரும்ப வரவழைப்பது தனி நாவல்.)

முடிவு இரண்டு: ஆன்டெனாவை என் தொட்டி மேலேயே நடச் சொல்கிறேன். திரையோடு மாமியாரும் இங்கே வந்துவிடுவார். எனக்குத் துணி காயப்போடும் வேலை மிச்சம்.

முடிவு மூன்று:

அதை நீங்கள் யோசியுங்கள். சீக்கிரம். மாமியார் இப்போதே சுவரோரம் நாற்காலி போட்டுவிட்டார்.