கல்லில் இருந்த ஜே. டிரெத்தவி

ஏப்ரல் மாதம், போரில் செத்தவர்களை நினைக்கும் ஆன்சாக் நாள் விடியும்போது, ஆஸ்திரேலியாவின் பெண்டீன் ஊரில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. முதல் உலகப் போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் ஊர் நடுவே இருக்கிறது. கல்லில் பெயர் உள்ள குடும்பங்கள் முன்னால் நிற்கும். பெயர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு குடும்பமாகப் போய் மலர்வளையம் வைத்துவிட்டு வரும். பெயர் இல்லாதவர்கள் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் ஊருக்கே காலைச் சாப்பாடு சமைப்பார்கள். இப்படி ஒரு விதி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

பெயர் இல்லாத குடும்பங்கள் முன்பு நிறைய இருந்தன. கெட்டிக்காரர்கள் பெயர் உள்ள வீடுகளில் பெண் எடுத்து, பெண் கொடுத்து, ஒவ்வொருவராக முன்வரிசைக்கு நகர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது போல்கிளேஸ் குடும்பம் ஒன்றுதான். நெவில் போல்கிளேஸின் தாத்தா அங்கே முட்டை பொரித்தார். அப்பா பேக்கன், அதாவது பன்றிக்கறித் துண்டு, பொரித்தார். நெவில் இரண்டையும் பொரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுபதாகப் போகிறது. பள்ளிக்கூடத்தில் அவனை ‘வாணலி’ என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள்; மீதிப் பாதி இன்னும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அதில் முதல் ஆள் கார்த் டிரெத்தவி. கோதுமை விவசாயி, விறைப்பான மனிதன். கல்லில் ‘ஜே. டிரெத்தவி’ என்று இருப்பது அவனுடைய தாத்தாவின் தம்பி ஜோசையா. வளையம் வைத்துவிட்டு கண்ணைத் துடைத்தபடி நேராகக் கொட்டகைக்கு வருவான்.

“இந்த வருஷமும் செருப்புத் தோல் மாதிரிதான் வறுத்திருக்கே, வாணலி.”

“அப்ப திங்காதே.”

“பசிக்குதே, என்ன செய்ய?” என்று மூன்று துண்டு எடுத்துக்கொண்டு போவான்.

ஒரே ஒரு தடவையாவது அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். நெவிலுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அதுதான். அவன் அப்பாவும் அதே ஆசையோடு கண்ணை மூடியவர். போன குளிர்காலத்தில் நெவில் கணினி முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி, தன் குடும்பத்தில் போருக்குப் போய்ச் செத்தவன் எவனாவது இருக்கிறானா என்று தேட ஆரம்பித்தான்.

“எல்லாரும் தன் வீட்ல யாரும் சாகக் கூடாதுன்னு வேண்டிக்குவாங்க. நீ எவனாவது செத்திருக்கக் கூடாதான்னு தேடுறே,” என்றாள் மனைவி கோரல்.

“அப்ப சாகலைன்னாலும் இந்நேரம் எப்படியும் செத்திருப்பான். அதை நான் தெரிஞ்சுக்கக் கூடாதா?”

ஆஸ்திரேலியாவில் மக்கள்தொகைக் கணக்கு எடுப்பார்கள். எண்ணி முடித்ததும் அந்தத் தாள்களை அழித்துவிடுவார்கள். எத்தனை பேர் என்று தெரிந்த பிறகு எவர் என்று எதற்கு, என்ற நினைப்பு. நல்ல வேளையாகப் போல்கிளேஸ்கள் இங்கே வருவதற்கு முன்பு இங்கிலாந்தின் கார்ன்வாலில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்துக்காரன் எதையும் தூக்கிப்போட மாட்டான். 1901 கணக்கில் அந்த வீடு அப்படியே இருந்தது. குடும்பத் தலைவர், மனைவி, நெவிலின் தாத்தா வில்லியம், வயது ஆறு. அவருக்கு மேலே ஜேபஸ், வயது ஒன்பது. வீட்டோடு இருந்த மாமனார், ஹென்றி டிரெத்தவி.

நெவில் இரண்டு பெயரையும் முறைத்துப் பார்த்தான். தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததாக வீட்டில் ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை. தாத்தாவின் அம்மா ஒரு டிரெத்தவி என்பதும் புதுச் செய்தி. அது பெரிய அதிசயமில்லை. கார்ன்வாலில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு டிரெத்தவி மண்டையில் விழும். கார்த்தின் டிரெத்தவிகள் வேறு கிளை.

ஜேபஸ் போல்கிளேஸ் என்று எந்தப் படைவீரனும் இல்லை. வேறு பெயரில் சேர்ந்தவர்கள் அந்தப் போரில் ஏராளம் என்பதால், ஜேபஸின் அம்மாவழித் தாத்தா பெயரை வைத்துத் தேடினான். ஜேபஸ் டிரெத்தவி வந்தான். பிறந்தது கார்ன்வால். தொழில், சுரங்கம். படையில் சேரும்போது இருந்த ஊர், பெண்டீன். நெவிலின் தாத்தா இந்த ஊருக்கு வந்ததே போர் முடிந்த பிறகுதான்.

அவனுடைய படைக் கோப்பைப் படித்தால் வீரன் மாதிரியே இல்லை. அனுமதியில்லாமல் காணாமல் போனதற்கு அபராதம். சார்ஜெண்டின் அம்மாவைப் பற்றிக் கருத்துச் சொன்னதற்கு அபராதம். அரசாங்கப் போர்வையை விற்றதற்கு அபராதம். அதே போர்வையைத் திரும்பத் திருடியதற்கும் அபராதம்.

“சந்தேகமே இல்ல, உங்க ஆளுதான்,” என்றாள் கோரல்.

கடைசிப் பக்கங்களில் ஓர் உறுதிமொழி இருந்தது. சண்டைக்குப் போவதற்கு முந்தின வாரம், தன் உண்மையான பெயர் ஜேபஸ் போல்கிளேஸ் என்று கையெழுத்துப் போட்டிருந்தான். ‘பார்க்கப்பட்டது’ என்று ஒரு குமாஸ்தா அதன்மேல் முத்திரை குத்தியிருந்தான். பார்த்ததோடு சரி. மறு வாரமே ஜேபஸ் செத்தான். ஊர்க் கல்லில் அவன் சேரும்போது சொன்ன பெயரே, ‘ஜே. டிரெத்தவி’ என்று ஏறிவிட்டது. நெருங்கிய உறவு என்ற இடத்தில் மட்டும், சேரும்போதும் சரி, உறுதிமொழியிலும் சரி, ஒரே பதில். யாருமில்லை.

கார்த்தின் ஜோசையாவையும் தேடினான். அந்தப் பெயரில் எந்தப் படையிலும் யாரும் சேரவில்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு ஓடிய பையன். நாலு வருஷம் கழித்துக் கல் திறந்தபோது, ‘ஜே. டிரெத்தவி’யைப் பார்த்த அவன் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். அழுகிற தாயிடம் போய் இது உன் பிள்ளைதானா என்று கேட்க ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

“இதைப் போய் அவன்கிட்ட சொல்லப் போறியா?” என்றாள் கோரல்.

“நூறு வருஷமா எங்க ஆளுக்கு முன்னாடி அவன் நின்னிருக்கான். நாங்க அவனுக்கு முட்டை பொரிச்சிருக்கோம். சொல்லாம விடுவேனா?”

தாள்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு மறுநாளே கார்த் வீட்டுக்குப் போனான். சொல்ல வேண்டிய வசனத்தை வண்டியிலேயே ஒத்திகை பார்த்திருந்தான். கார்த் கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு தாளாகப் படித்தான். அவசரப்படவில்லை. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினான்.

“இதுல தப்பு எதுவும் இல்லியா?”

“இல்ல.”

“அப்ப ஜோசையா?”

“தெரியல கார்த். எங்கயுமே இல்ல.”

“ஏழு வயசுல இருந்து அந்தக் கல்லு முன்னாடி அழறேன்யா,” என்றான் கார்த். “எங்க அப்பா செத்தப்பகூட நான் அவ்வளவு அழல. அதையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

நெவில் எழுந்தான். தாள்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதா, விட்டுவிட்டு வருவதா என்றுகூடத் தெரியாமல் விட்டுவிட்டு வந்தான்.

ஏப்ரல் வந்தது. விடியலில் நெவில் கோட்டுப் போட்டு, வளையத்தோடு போனபோது, கொட்டகையில் ஏற்கெனவே அடுப்பு எரிந்தது. கார்த் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்ன பண்றே?”

“கல்லுல பேர் இல்லாதவன் என்ன பண்ணுவான்? பேக்கன் பொரிக்கிறேன். நீ முன்னாடி போ.”

நெவில் முன்னால் போனான். அப்பா நிற்க ஆசைப்பட்ட இடத்தில் நின்றான். பலரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயர்கள் வாசிக்கப்பட்டன. ‘ஜே. டிரெத்தவி’ என்றதும் கல்லுக்கு நடந்தான்.

அழுகை வரவில்லை. வரவழைத்துப் பார்த்தான். போர்வை திருடியது நினைவுக்கு வந்து சிரிப்புதான் வந்தது. அதன் பின்னாலேயே அந்த ‘யாருமில்லை’ வந்தது. எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். அண்ணன் எங்கே என்று தாத்தா தேடவில்லை, அப்பா கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இவன் தேடியதும் ஜேபஸை அல்ல, முன்வரிசையில் ஓர் இடத்தை. வெட்கமாக இருந்தது. வளையத்தோடு அப்படியே திரும்பிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கொட்டகைக்குப் போனான். பெயர் வாசிக்கிறவர் அடுத்த பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று வாயைத் திறந்தபடி நின்றார்.

“அடுப்பை விட்டுட்டு வா,” என்றான்.

“கருகிடும்.”

“கருகட்டும். எங்க வீட்ல இருந்து அவனுக்கு ஒருத்தரும் வந்ததில்ல. வந்ததெல்லாம் நீங்கதான். வாயா.”

கார்த் முரண்டு பிடித்தான். நெவில் ஏப்ரனைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். இரண்டு கிழவர்களும் வளையத்தின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக் குனிந்து கல்லின் கீழே வைத்தார்கள். கார்த்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அது பாட்டுக்குப் பழக்கத்தில் வந்தது.

“வச்சதும் வழக்கமா என்ன சொல்லுவே?” என்று நெவில் மெதுவாகக் கேட்டான்.

“பெருசா ஒண்ணும் இல்ல. ‘ஜோசையா, நாங்க வந்திருக்கோம்’னு சொல்லுவேன்.”

“சொல்லு.”

கார்த் மூக்கை உறிஞ்சினான். குரலைச் சரிசெய்துகொண்டு கல்லைப் பார்த்தான்.

“ஜேபஸ், நாங்க வந்திருக்கோம். உன் தம்பி பேரனும் வந்திருக்கான். கொஞ்சம் லேட்டாயிடுச்சு, கோச்சுக்காதே.”