தொடுப்பைச் சொடுக்கவும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. அக்காவிடமிருந்து சுட்டது. தொலைபேசியில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "டேய், இத வச்சு கதை கிதை எழுதித் தொலைச்சிராத" என்றாள். சத்தியமாக மாட்டேன் என்றேன். அப்படிச் சொன்னவனைத்தான் இப்போது நம்பிப் படிக்கிறீர்கள். கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள்.

முதல் வரி: 'அன்று காலை ஒரு மின்னஞ்சல் மர்மமான முறையில்'

(வேண்டாம். மர்மமாக வருவதை யார் திறக்கிறார்கள்? சாதாரணமாக வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.)

2

அக்கா ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் பிழை திருத்துகிறாள். 'இணைப்பு' என்றால் மின்னஞ்சலோடு வரும் கோப்பா, சொடுக்கும் லிங்க்கா என்று குழப்பம் வருகிறதாம். அதனால் லிங்க்குக்குத் 'தொடுப்பு' என்று பெயர் வைத்தாள். அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. (பேச்சில் அதற்குக் கள்ளக்காதல் என்று பொருள். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.) "அக்கா, உங்க தொடுப்பு வேலை செய்யல" என்று பக்கம் வடிவமைக்கும் பெண் கிண்டலடிப்பாள். போகப்போக அது அந்த அலுவலகத்தில் மட்டும் புழங்கும் சொல்லாகிவிட்டது.

3

ஒருநாள் அக்காவுக்கு இப்படி வந்தது: 'உங்கள் கணக்கு முடக்க படும். கீழ் உள்ள லிங்க்கில் கடவு சொல்லை உறுதி படுத்தவும்.'

போலி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கணினிப் பிரிவுக்காரர்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாரே: அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள், அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள், பிழை மலிந்திருந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள்.

அக்கா அழிக்கவில்லை. கை அரித்தது. முடக்கப்படும். கடவுச்சொல்லை. உறுதிப்படுத்தவும். 'லிங்க்கில்' இருந்த இடத்தில் 'தொடுப்பில்'. கடைசியில், 'ஏமாற்றுவதென்றாலும் ஒற்றுப் போட்டு ஏமாற்றவும்' என்று ஒரு வரி சேர்த்து, அனுப்பிய திருடனுக்கே திருப்பி அனுப்பினாள்.

(இந்த இடத்தில் பாத்திரம் எனக்கு உதைக்கிறது. விவரம் தெரிந்தவள் இப்படிச் செய்வாளா? ஆனால் எனக்குக் காய்ச்சல் என்று நான் அனுப்பிய குறுஞ்செய்தியை ஒற்றுப் போட்டுத் திருப்பி அனுப்பியவள் இவள். செய்வாள்.)

4

அடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். பிழையே இல்லை. வடிவமைக்கும் பெண் சொடுக்கினாள், கடவுச்சொல்லைக் கொடுத்தாள். அவள் கணக்கிலிருந்த வாடிக்கையாளர் ஆவணங்கள் பூராவும் களவு போயின.

"வெளியாளுக்குத் தொடுப்புங்கற வார்த்தையே தெரியாதே சார்! நம்ம ஆபீஸ் மெயில்னுதான் நெனச்சேன்" என்று அழுதாளாம்.

மேலாளர் அதையே பிடித்துக்கொண்டார். "அப்போ உள்ளாள் வேலைதான். சொல்லும்மா, யாருக்கு எழுதிக் குடுத்த?" நாளைக்குள் உண்மை வராவிட்டால் போலீஸ் என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அது அச்சு அசலா என் வாக்கியம்டா," என்றாள் தொலைபேசியில். "சொன்னா என் வேலை போயிரும். சொல்லலன்னா அந்தப் புள்ள திருடியாயிடுவா."

"அவகிட்டயாவது சொன்னியா?"

"எப்படிச் சொல்ல? என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நீங்களாவது என்னை நம்புறீங்களாக்கா'ன்னு கேக்குறா."

5

முடிவு ஒன்று: 'மறுநாள் அக்கா மேலாளர் அறைக்குப் போய் உண்மையை சொன்னாள்.'

முடிவு இரண்டு: 'திருடனுக்கு அனுப்பிய பதிலை அழித்துவிட்டு அக்கா வழக்கம்போல வேலையைப் பார்த்தாள்.'

(இரண்டாவது மளமளவென்று வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.)

எதுவென்று புரியாமல் இரண்டையும் வைத்து அன்றிரவே கதையை அவளுக்கு அனுப்பினேன். உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள். "நீதான் அனுப்பினியா, இல்ல வேற எவனாவதா?" நான்தான் என்றேன். சத்தியத்தை மீறியதற்குத் திட்டவே இல்லை.

காலையில் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. நான் விட்ட ஒற்றெல்லாம் போட்டிருந்தாள், இரண்டாவது முடிவில்கூட. முதல் முடிவில் மட்டும் 'உண்மையை சொன்னாள்' அப்படியே இருக்கிறது. ஒரு 'ச்' வேண்டும். திருடன் விட்ட ஒற்றையே பொறுக்காதவள் இதைப் பார்க்கவில்லையா? இல்லை, பார்த்துவிட்டு அந்த வரியைத் தொடப் பயந்தாளா?

கூப்பிட்டால் எடுக்க மாட்டேனென்கிறாள். அலுவலகம் திறந்தாயிற்று. அந்தப் பெண் மேலாளர் அறை வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் அந்த முடிவை உறுதிப்படுத்தும் எழுத்தை என்னால் போட முடியவில்லை. உங்களுக்கு அவள் யாரோதானே. நீங்கள் போடுங்கள்.