காரின் தலையில் இரண்டு கம்பிகள்

தம்பி வீடு மாறினான். என் காரை வாங்கிக்கொண்டு போய், அதன் கூரையில் குறுக்காக இரண்டு அலுமினியக் கம்பிகளை மாட்டி, மெத்தையையும் மேசையையும் கட்டி ஏற்றி, மூன்று நடையில் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். காரைத் திருப்பிக் கொடுத்தான். கம்பிகளைக் கழற்றவில்லை. யாரும் திருடிக்கொண்டு போகாமல் இருக்க ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் ஒரு பூட்டு. ஆக மொத்தம் நான்கு. நான்குக்கும் ஒரே சாவி. அந்த ஒரு சாவியைத்தான் காணோம்.

"வீட்லதான்க்கா வெச்சேன். நல்லா தேடிப் பாரு" என்றான் போனில்.

அவன் வைத்துவிட்டுப் போவான், நான் தேட வேண்டும். அவன் பிறந்த நாளிலிருந்து எங்களுக்குள் வேலைப் பங்கீடு இதுதான்.

சும்மா இருக்கிற கம்பி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியின் முன்வாசலை இடித்துக் கட்டுகிறார்கள். அதனால் வருகிற வண்டியெல்லாம் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து லிப்ட். கீழ்த்தளத்து நுழைவில் சங்கிலியில் ஒரு மஞ்சள் கட்டை தொங்கும். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. என் கார் ஏற்கெனவே நெட்டை. கம்பியோடு அளந்தால் இரண்டு மீட்டரும் ஆறு சென்டிமீட்டரும். முதல் நாள் தெரியாமல் விட்டபோது கட்டை 'டங்' என்று அடித்தது. காவலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஆஸ்பத்திரியையே இடிக்க வந்தவள் போல இருந்தது.

அந்த ஆறு சென்டிமீட்டருக்காக, தெருக்கோடியில் காரை நிறுத்திவிட்டு, அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மேட்டில் இருபது நிமிடம் தள்ளிக்கொண்டு போனேன். திரும்பும்போது இறக்கம். இறக்கம் சுலபம்தானே என்று தள்ளாதவர்கள் சொல்வார்கள். நாற்காலி என்னையும் இழுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க, பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வர வேண்டும். நான்கு மாதம் இப்படி. வலது தோள் போயே போய்விட்டது. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கை போனால் அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பவும் காரில் ஏற்றவும் வேறு கை இந்த வீட்டில் இல்லை. முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதுதான். அந்த வார்த்தையை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

சாவியைத் தேடாத இடம் இல்லை. மெத்தைக்கு அடியில், கோட்டுப் பைகளில், குப்பை மாதிரி சேர்ந்திருந்த பில்களுக்கு நடுவில். கம்பி செய்த கம்பெனிக்குக் கேட்டு எழுதினேன். பூட்டின் முகத்தில் எண் இருக்கும், அதைச் சொன்னால் வேறு சாவி அனுப்புகிறோம் என்றார்கள். ஸ்டூல் மேல் ஏறி, டார்ச் அடித்துப் படித்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்த சாவி உள்ளே போனது, திரும்ப மாட்டேன் என்றது. வெயிலிலும் மழையிலும் நான்கு பூட்டிலுமே தேய்ந்துபோன கடைசி எண் மூன்றா, ஆறா, எட்டா என்று அந்தப் பூட்டுகளுக்கே தெரியாது. இன்னொரு மாதம் காத்திருக்க எனக்குத் தோள் இல்லை. பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வந்தார். என்னைவிட ஐந்து வயதாவது மூத்தவர். வந்ததும் வராததுமாக "அக்கா" என்றார். நானும் விடவில்லை, "வாங்கண்ணே" என்றேன். அப்பாவை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். மதியம் ஒரு மணிக்கு அவருக்கு மிஷின்.

பூட்டுக்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"வண்டி உங்களோடதுதானே?"

"ஆமா."

"சாவி இல்ல?"

"இருந்தா உங்கள ஏன் கூப்பிடுறேன்?"

"கோச்சுக்காதீங்க. டிரில்ல தொடறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேட்டுருவேன். அது என் பழக்கம். பூட்டை ஒடைச்சு முடிச்ச அப்புறம் சாவி கெடைச்ச வீடு எத்தன பாத்திருக்கேன் தெரியுமா? அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க." அப்பா பக்கம் திரும்பி, குரலைக் கூட்டினார். "ஐயா, உங்ககிட்ட சாவி ஏதும் இருக்கா?"

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். "எனக்கென்னப்பா தெரியும்" என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

பெயின்ட் கீறாமல் இருக்கக் கூரை மேல் பழைய போர்வையை விரித்தார். சாவித் துளைக்கு நடுவில் ஆணி மாதிரி ஒன்றை வைத்துச் சுத்தியால் ஒரே தட்டு, குழி விழுந்தது. அந்தக் குழியில் முதலில் மெல்லிய துளைப்பான், அப்புறம் அதைவிடத் தடித்தது. ஆழம் தாண்டிவிடாமல் இருக்கத் துளைப்பானில் டேப் சுற்றி அடையாளம் வைத்திருந்தார். இடையிடையே எண்ணெய் விட்டார். பூட்டிடம் பேசினார்: "வா ராசா, அடம் புடிக்காத." இரும்புத் தூள் போர்வையில் கொட்டியது. ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினார். மூடி நழுவி வந்தது. உள்ளே ஒரு போல்ட். அதற்குச் சாவியே வேண்டாம்.

ஒரு பூட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. இரண்டாவதற்கும் அவ்வளவே. முதல் கம்பியைத் தூக்கும்போது, "அக்கா, அந்த முனைய கொஞ்சம் புடிங்க" என்றார். பிடித்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்கியதும் தோளில் சுரீர் என்றது. கம்பி நழுவியது. துளைத்த பூட்டின் விளிம்பு உள்ளங்கையைக் கீறிவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் ரத்தம், காயம் பெரிதா சிறிதா என்று பார்த்தா வருகிறது? நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடவும் தெம்பு வேண்டும். படியில் உட்கார்ந்து துணியைச் சுற்றிக்கொண்டேன். அப்படியே அழுகை வந்தது. ஒரு கீறலுக்கு அழுகிற வயதா எனக்கு?

"போதும்" என்றார் அப்பா.

மூக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கண்ணாடி துடைக்கிற துணிக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். சின்னச் சாவி.

பூட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு நாகரிகமாகப் போர்வையை மடிக்க ஆரம்பித்தார்.

"எங்கப்பா இருந்துச்சு இது?"

"எங்கிட்டதான். தம்பி அலமாரி மேல வெச்சுட்டுப் போனான், நான்தான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"நாலு மாசமா? நான் வீட்டையே கொட்டிக் கவுத்துத் தேடினப்ப பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"குடுக்கலாம்னுதான் இருந்தேன். முதல் வாரம் நீ என்னத் தள்ளிக்கிட்டுப் போனே பாரு..." செருப்பைக் காலால் நகர்த்தினார். "நாலு நாள் இங்க படுத்துக் கெடக்கேன், மூணு நாள் அங்க படுத்துக் கெடக்கேன். நடுவுல அந்த ரோடு ஒண்ணுதான். டயர் கடைக்காரன் கை காட்டுறான். அந்த மூலையில கட்டுறாங்களே, அது ஆறாவது மாடி போட்டுட்டாங்க. நீயும் ஏதாவது பேசிக்கிட்டே வருவே."

"நான் எங்க பேசினேன்? மூச்சு வாங்கிக்கிட்டு வந்தேன். அவனைத் திட்டிக்கிட்டு வந்தேன்."

"அதுவும் பேச்சுதானேம்மா. வீட்ல நீ மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேப்பே. அவ்வளவுதான்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்போல இருந்தது. அவர் சொன்னது புரியாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். புரிந்து தொலைத்தது. அதனால் கோபம் இரட்டிப்பானது.

"என் தோள் போச்சுப்பா. டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். நீ போன்ல தம்பிகிட்ட சொன்னியே, அந்த இல்லத்த பத்தி. அதுவும் கேட்டுச்சு."

அதைக் கேட்ட பிறகும் சாவியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இது கடைசி முறை என்று நினைத்துக்கொண்டு போனாராம். அடுத்த முறையும் அப்படியே நினைத்தாராம்.

பூட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அக்கா, மீதி ரெண்டையும் கழட்டணுமா, வேணாமா?"

"கழட்டுங்க" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். சரி என்றா, இல்லை தலை தானாக ஆடியதா, தெரியவில்லை. சாவி உள்ளே போய்த் திரும்பியது. 'கடக்.' நான்கு மாதப் பாடு ஒரு நொடியில் தீர்ந்தது. இரண்டு கம்பியையும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, "நான் கேட்டேன்ல ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் பூட்டுக்காரர்.

மதியம் மஞ்சள் கட்டைக்குக் கீழே கார் சத்தமில்லாமல் நுழைந்தது. காவலாளி சிரித்தார், நானும் சிரித்தேன். லிப்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. காரிலிருந்து மிஷின் வரை நான்கு நிமிடம். சமதரை. நாற்காலியை ஒரு கையால்கூடத் தள்ளலாம். அப்பா ஒன்றும் பேசவில்லை; நானும் திட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் சும்மா வந்தேன். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டீங்களே" என்றாள்.

அவரை மிஷினில் படுக்க வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பினேன். சீட்டைச் சாய்த்தேன். கீழ்த்தளத்துக்கு வெளி வெளிச்சம் வராது; குழல்விளக்குகள்தான் எரிந்துகொண்டிருந்தன. தோள் வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. எப்போது தூங்கினேன் என்றே தெரியாது. நான்கு மணி நேரம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம். அலாரம் எழுப்பியதும் மேலே ஓடினேன்.

டயாலிசிஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது. அப்பா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். நர்ஸ் அவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பா முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"வெளிய எப்படிம்மா இருக்கு? வெயிலா, மழை வர்ற மாதிரியா?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"தெரியலப்பா" என்றேன்.