அசல் மேல் இறங்கிய நகல்

டேப் அறையில் வேலை பார்த்தவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தண்ணீர் இணைப்பு அலுவலகத்தின் மொத்தக் கணக்கும் அவன் அடுக்கி வைத்திருக்கும் டேப்புகளில் இருந்ததால் மேனேஜரே அவனிடம் குழைந்துதான் பேசுவார். மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் தினமும் டேப்பில் நகலாகும். ஏதாவது கெட்டுப்போனால் அந்த நகலை அவன் திரும்ப இறக்கிக் கொடுப்பான். யார் இறக்கியது, எந்த டேப், எங்கே இறங்கியது என்பதை மெஷின் தானாகவே லாக் என்கிற பதிவில் எழுதிக்கொள்ளும். அந்த லாக்கைப் படிக்கத் தெரிந்தவன் கட்டடத்திலேயே அவன் ஒருவன்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவனும் அப்படியே நம்ப விட்டிருந்தான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டைப் பிரிவு. மீட்டர் அளவுகளை மெஷினில் ஏற்றும் எட்டுப் பெண்களுக்கு ஹெட் அவனுடைய அண்ணி. அண்ணன் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடும் படுக்கையும். காலையில் அண்ணியும் அவனும் ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருவார்கள்.

டேப் ஒழுங்காகப் படிக்கிறதா என்று பார்க்க, வாரம் ஒன்றை இறக்கிப் பார்ப்பது வழக்கம். இறக்குவதை வேறு பெயரில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அசல் அழிந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை என்பான். அன்று நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டான். பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பெயரை மாற்றாமல், முந்தின நாள் நகலை அசல் மேலேயே இறக்கினான். காலையிலிருந்து எட்டுப் பேர் ஏற்றியது அத்தனையும் போச்சு.

அவர்கள் திரும்பி வந்து அலறியபோது மேனேஜர் நேராக அவனிடம்தான் வந்தார். லாக்கைப் பார்த்து என்ன நடந்ததென்று சொல்லச் சொன்னார். பார்த்தான். முதல் வரியிலேயே அவனுடைய ஆபரேட்டர் எண் இருந்தது.

"லாக்ல ஒண்ணும் இல்ல சார். டைப் பக்கம்தான் யாரோ அழிச்சிருக்கணும்."

யார் பெயரையும் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஏற்றியதை மொத்தமாக அழிக்கிற அனுமதி ஹெட்டுக்கு மட்டும்தான் உண்டு. வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

எட்டுப் பேரும் அந்த வாரம் முழுக்கக் கூடுதல் நேரம் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். அண்ணிக்கு மெமோ வந்தது. இன்னொன்று வந்தால் ஹெட் பொறுப்பு போய்விடும். வீட்டில் அண்ணன் எதையும் விசாரிக்கவில்லை. தம்பியே பார்த்துவிட்டுச் சொல்கிறான், அப்புறம் என்ன பேச்சு என்று பெண்டாட்டியைத்தான் திட்டினான். தம்பி ஏன் பொய் சொல்லப் போகிறான் என்று அவளே சொல்லிவிட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தான்.

கை கழுவுகிற இடத்துக்கு அண்ணி வந்தாள்.

"எந்த பட்டனை அழுத்தினேன்னு காட்டு தம்பி. இனிமே அந்தப் பக்கமே கை வைக்க மாட்டேன்."

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் மானம் போகிற பயம் முந்திக்கொண்டது. கீபோர்டின் மேல் வரிசை ஓரத்தில் இருக்கிற அழிப்பு பட்டன்தான் என்றான். மறுநாள் அண்ணி மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி வந்து, எல்லா கீபோர்டிலும் அந்த பட்டனை மூடி ஒட்டினாள்.

அந்த பட்டன் ஒரு பாவமும் அறியாதது. தப்பாக அடித்த ஒரு கட்டத்தை ஒரே தட்டில் சுத்தம் செய்யும், அவ்வளவுதான். அது இல்லாமல் பெண்கள் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய் அழித்தார்கள். வேகம் குறைந்தது. கண்ணாடி வழியாக அதையெல்லாம் பார்த்துக்கொண்டு அவன் டேப் மாற்றினான். அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தால், எதையோ எடுப்பது போல் குனிந்துகொள்வான். தன்னை நினைத்தாலே அவனுக்குக் கூசியது. பிரிவில் வேலை மந்தம் என்று மேனேஜர் இரண்டாவது மெமோவுக்குச் சொல்லிவிட்டார் என்று பியூன் வந்து சொன்னபோது, அவனால் அதற்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை.

டைப் பிரிவுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"அண்ணி, நீங்க எதையும் அழிக்கல. நான்தான் டேப்பைத் தப்பா இறக்கிட்டேன்."

தட்டுகிற சத்தம் நின்றது. அண்ணி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு மெமோ வருதுன்னு நீ பழியை ஏத்துக்காத தம்பி. உன் வேலை போயிடும்."

ஊர்ச்செய்தி முழுக்கத் தெரிந்ததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பெண், கொழுந்தன் என்றால் இப்படி இருக்கணும், எனக்கும் வாய்த்திருக்கிறதே ஒரு தண்டம் என்றாள். மற்றவர்கள் அவனைப் பாசமாகப் பார்த்தார்கள். அப்படியே தலையைக் குனிந்து நின்றிருந்தால் போதும். உண்மையும் சொன்னதாகும், நல்ல பெயரும் மிஞ்சும். ஒரு கணம் அவனுக்கு அந்த ஆசை வந்தது. செய்த தப்பு, சொன்ன பொய் எல்லாவற்றையும்விட அந்த ஆசைதான் அவனுக்குக் கேவலமாகப் பட்டது.

டேப் அறைக்குப் போய் அன்றைய லாக்கை அச்செடுத்து வந்து அண்ணியின் மேசையில் வைத்தான். படித்துக் காட்ட வாயெடுத்தான். அவள் அதற்குள் படிக்கத் தொடங்கிவிட்டாள். தேதி, டேப் எண், ஆபரேட்டர் எண், இறங்கிய இடம். எங்கும் தடுக்கவில்லை. ஒரு தரம் முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அன்னிக்கு நீ பார்த்தப்பவும் இது இப்படியேதான் இருந்துச்சா?"

அவன் தலையாட்டினான். ரேடியோ தன் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அண்ணி தாளை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய் மேனேஜர்கிட்ட கொடுத்துடுங்க, ஆபரேட்டர்" என்றாள்.